தேனி மலையா, ஜெனீவாவா, ஊட்டியா? துகள் இயற்பியலுக்கு நம் பணம் எங்கே போகலாம்

கல்லூரிகளுக்கு நியூட்ரினோ (எதனோடும் எளிதில் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்) பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் கேள்வி நேரம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "ஆயிரத்தைந்நூறு கோடியை தேனி மலைக்குள்ள கொட்டுறதுக்கு, செர்ன்ல சந்தா கட்டிச் சேர்ந்துக்கிட்டா போதாதா சார்?" என்று ஒருவர் கேட்பார். தேனி மலைக்குள் கட்டத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தையும், ஜெனீவா அருகே இருக்கும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னையும்தான் சொல்கிறார். "ஊட்டியிலதான் ஏற்கெனவே ஒரு ஆய்வகம் இருக்கே, அதை வளர்த்தா என்ன?" என்பார் விவரம் தெரிந்த இன்னொருவர். போன முறை போடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவி எழுந்து, "எங்க அப்பத்தா ஆடு மேய்க்கிற கரட்டை எடுத்துக்கிட்டு அங்க என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. நம் மலைக்குள் நாமே ஒரு பெரிய ஆய்வகம் கட்டுவது. உலகத்தின் பெரிய ஆய்வகத்தில் பங்காளியாகச் சேர்வது. கையில் இருக்கும் நடுத்தர அளவு ஆய்வகங்களை ஊட்டி வளர்ப்பது. நான்காவதாக, 'எதுவுமே வேண்டாம், அந்தக் காசில் ஆஸ்பத்திரி கட்டுங்கள்' என்ற குரலும் உண்டு. அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் கேள்வி. அந்தக் கருவி கேட்கும் கேள்விக்கு வேறு யாராவது முன்னாலேயே பதில் சொல்லிவிடுவார்களா? இயற்பியலில் இரண்டாவதாக வருகிறவருக்கும் வேலை உண்டு. ஆனால் அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது வேறு கணக்கு.

இரண்டாவது, காசு. அறிவித்த தொகையோடு, அறிவிப்பில் வராத தொகையும் சேர்த்து.

மூன்றாவது, ஆட்கள். முடிவில் நம்மிடம் யார் மிஞ்சுவார்கள்? காந்தம் சுற்றத் தெரிந்தவர், மின்னணுப் பலகை வடிவமைக்கத் தெரிந்தவர், கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வாயு கசியாமல் ஒட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்?

நான்காவது, இடம். அறிவின் பலன் உலகத்துக்குப் போகிறது. லாரியும் வெடிச் சத்தமும் வேலியும் ஒரே ஒரு ஊருக்கு வருகின்றன. அந்த ஊர் சம்மதித்ததா? என் கணக்கில் இதுதான் கனமான அளவுகோல். திட்ட அறிக்கைகளில் இது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

## பொட்டிபுரம்: சொந்த மலை

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதில்லை. கோலார் தங்கவயலில், தரைக்கடியில் 2 கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை 1965இல் பதிவு செய்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த சோதனை அது. உலகில் அதே ஆண்டில் அதைச் செய்த இன்னொரு குழு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இருந்தது. பிறகு கோலாரில் தங்கம் எடுப்பது கட்டுப்படியாகாமல் போய், 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது. 'கோலாருக்கே திரும்பிப் போகலாமே' என்கிறவர்களுக்கு அதுவே பதில்.

அந்த மரபின் தொடர்ச்சியாக வந்ததுதான் இந்திய நியூட்ரினோ ஆய்வகம். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், ஊர்க்காரர்கள் அம்பரப்பர் மலை என்று சொல்லும் குன்றுக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடைமட்டமாகக் குடைந்து, கடைசியில் ஒரு பெரிய குகை. குகைக்குள் 50,000 டன் இரும்புத் தகடுகள் அடுக்கிய காந்தம். தகடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 30,000 கண்ணாடி உணர்கருவிகள். மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை. இது சார்நோகைட் என்னும் கெட்டிப் பாறை. விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களை வடிகட்டும் கூரை அதுதான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்.

கேள்வி நல்ல கேள்வி. நியூட்ரினோவில் மூன்று நிறைகள் உண்டு. அவற்றுள் எது கனமானது, எது லேசானது என்ற வரிசை தெரியாது. காந்தம் இருப்பதால் இந்தக் கருவியால் நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் பிரித்துப் பார்க்க முடியும். இந்த அளவில் அதைச் செய்யும் வேறு கருவி உலகில் இல்லை. ஆனால் வரிசையை ஓரளவு உறுதியாகச் சொல்லவே இதைப் பத்தாண்டு ஓட்ட வேண்டும் என்று திட்டக் குழுவே கணக்கிட்டிருந்தது. இதற்கிடையில் சீனாவின் ஜியாங்மென்னில் 20,000 டன் ஒளிர்திரவம் நிரப்பிய ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. வழிமுறை வேறு, கேள்வி அதே கேள்வி. நம் மலையோ இன்னும் குடையப்படவில்லை.

ஏன் குடையப்படவில்லை என்பதில்தான் இந்த வழியின் உண்மையான செலவு இருக்கிறது. முதலில் தேர்ந்த இடம் நீலகிரியில் சிங்காரா. பைக்காரா நீர்மின் நிலையத்துக்காகப் பாறையைக் குடைந்த அனுபவம் அங்கே இருந்தது. ஆனால் அது முதுமலைக்கு அருகே, யானைகள் நடமாடும் வழி. 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பிறகு பொட்டிபுரம். அங்கே 2015இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. கேரள எல்லையில் உள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டி, 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்துப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. 2018இல் மத்திய நிபுணர் குழு இதைச் சிறப்பு நேர்வாகப் பரிந்துரைத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இந்த இடம் புலிகளின் வழித்தடத்தில் இருக்கிறது, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

இதில் ஒரு விவரத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். அந்த 2018 பரிந்துரையில் திட்டம் 'கட்டடம், கட்டுமானம்' என்ற வகையில் வைத்துப் பரிசீலிக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பும் வணிக வளாகமும் வரும் வகை அது. அந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயம் இல்லை. மலையை 2 கிலோமீட்டர் வெடிவைத்துக் குடையும் வேலையை அந்தப் பட்டியலில் வைத்தால் ஊர்க்காரர் என்ன நினைப்பார்? விஞ்ஞானிகள் ஊருக்குள் வந்து விளக்கினார்கள், கதிர்வீச்சு இல்லை, ஆபத்து இல்லை என்று சொன்னார்கள், சொன்னது சரிதான். ஆனால் நாம் வேண்டாம் என்று சொன்னால் அது எடுபடும் என்ற நிலைமை இருந்தால்தான் ஒருவர் விளக்கத்தைக் காது கொடுத்துக் கேட்பார்.

எதிர்ப்பில் பொய்யும் கலந்திருந்தது. நியூட்ரினோ நம் உடம்பைத் துளைத்துப் புற்றுநோய் தரும் என்றார்கள். ஒவ்வொரு நொடியும் நம் உடம்பின் வழியே ஏறத்தாழ நூறு லட்சம் கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க அவற்றில் ஒன்றிரண்டு நம்மைத் தொட்டாலே பெரிது. அணுக்கழிவைப் புதைக்கத்தான் குகை என்றார்கள். திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் எதிர்ப்பு முழுவதையும் இந்தக் கணக்கில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. மேய்ச்சல் நிலம் போகும் என்பது பொய்யில்லை. வனவிலங்குத் தடம் என்பது பொய்யில்லை. வெடிவைப்பு அணைகளை என்ன செய்யும் என்ற முல்லைப் பெரியாறு நாட்டின் பதற்றமும் காரணமில்லாமல் வந்ததில்லை. இரண்டாம் கட்டத்தில் வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து செயற்கை நியூட்ரினோக் கற்றையை இங்கே அனுப்பலாம் என்று ஆரம்பகால ஆய்வு அறிக்கைகளில் ஆராய்ந்திருந்தார்கள். அதை மறைக்க நினைக்காவிட்டாலும் முன்வந்து தமிழில் சொல்லாமல் விட்டதால், பிறகு அது 'கண்டுபிடிக்கப்பட்ட ரகசியம்' ஆகிவிட்டது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு இளைஞர்களுடையது. இந்தக் கருவியின் கணினி மாதிரிகளை வைத்து முனைவர் பட்டம் பெற்ற தலைமுறை ஒன்று இருக்கிறது. கருவியின் தரவை அவர்கள் பார்க்கவே இல்லை. அந்தப் பத்தாண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த வழி பொருந்தும் இடம்: ஒரே ஒரு சோதனைக்காக இல்லாமல், கரும்பொருள் தேடல், அபூர்வச் சிதைவுகள் என்று ஐம்பது வருஷம் பல சோதனைகளுக்கு வீடாக இருக்கும் ஆழமான ஆய்வகம் வேண்டும் என்றால். அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதையின் பக்கவாட்டில் இருக்கிறது. ஜப்பானின் காமியோக்கா ஒரு பழைய சுரங்கம். கனடாவின் ஸ்னோலேப் இயங்கிக்கொண்டிருக்கும் நிக்கல் சுரங்கம். சீனாவின் ஜின்பிங் நீர்மின் திட்டச் சுரங்கம். நம் கோலாரும் அப்படித்தான். வேறொரு காரணத்துக்குத் தோண்டிய குழியில் குடியேறியவர்களே அதிகம். ஊரார் கண்ணுக்கு அவர்கள் புதிதாக எதையும் பறிக்கவில்லை.

## செர்ன்: சந்தா கட்டிச் சேர்வது

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரும் துகள் மோதி. 2012 ஜூலை 4 அன்று, மற்றத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்கும் ஹிக்ஸ் துகளை அறிவித்த இடம். இந்தியா 2002இல் பார்வையாளர் நாடு, 2017 ஜனவரியில் இணை உறுப்பு நாடு. சேர்ந்த காலத்தில் சொல்லப்பட்ட ஆண்டுச் சந்தா ஏறத்தாழ 78 கோடி ரூபாய்.

மலிவு என்று தோன்றும். 78ஐ இருபதால் பெருக்குங்கள்: 1,560 கோடி. இருபது வருஷச் சந்தாவும் தேனித் திட்டமும் ஒரே விலை. ஒன்றில் கடைசியில் குகையும் கருவியும் நம் கையில் நிற்கும். மற்றொன்றில் இன்றைய முக்கியக் கேள்விகளுக்கான தரவு முதல் நாளிலிருந்தே கிடைக்கும். சந்தாவுக்கு வெளியே உணர்கருவி செய்யும் செலவு, ஆட்கள் போய்வரும் செலவு எல்லாம் தனி. இணை உறுப்பு நாட்டுக்குச் செர்ன் மன்றத்தில் வாக்கும் இல்லை. அடுத்த மோதி 91 கிலோமீட்டர் சுற்றளவில், ஏறத்தாழ 1,500 கோடி சுவிஸ் பிராங்க் செலவில் வரலாம் என்ற திட்டம் மேசையில் இருக்கிறது. அதற்கு நம் பங்கு என்ன என்ற கேள்வி வரும்போது, முடிவை எடுத்த அறையில் நாம் கையுயர்த்த முடியாதவர்களாக இருப்போம்.

ஆனால் கைத்திறன் விஷயத்தில் செர்ன் நமக்குச் செய்தது பலருக்குத் தெரியாது. அந்த வளையத்தின் பிரதான காந்தங்கள் ஒவ்வொன்றும் 35 டன். அவற்றை முடியிழை அளவுத் துல்லியத்தில் தாங்கி நிமிர்த்தும் ஜாக்கிகள் ஏறத்தாழ 7,000 இந்தியாவில் செய்து போனவை. அந்த மோதியின் ஆலிஸ் உணர்கருவியில் முதலில் இருந்த மானஸ் என்ற சில்லு கொல்கத்தாவில் வடிவமைத்து, சண்டிகரில் வார்த்தது. இந்தத் தரத்தில் செய்து பழகிய பட்டறை அடுத்த வேலையையும் அதே தரத்தில் செய்யும். 'இணையதளமே செர்னில்தான் பிறந்தது' என்று எல்லோரும் சொல்லும் வாதத்தைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். வலை அங்கே பிறந்தது, 1993இல் உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், மகத்தான காரியம். ஆனால் அப்படி ஒன்று மறுபடி நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நடக்காத பலனைக் காட்டிக் காசு கேட்டால் ஒருநாள் நம்பிக்கை போய்விடும்.

மக்கள் பார்வை என்று வந்தால் செர்னும் தப்பவில்லை. 2008 செப்டம்பரில் கருவியை ஓட்டும்போது பூமியைக் கருந்துளை விழுங்கும் என்று நம் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கச் சொன்னன. அதைவிட வலுவான மோதல்களை விண்கதிர்கள் காலங்காலமாக நம் வளிமண்டலத்தில் நடத்திக்கொண்டிருக்கின்றன, பூமி அப்படியே இருக்கிறது என்ற எளிய பதில் பயத்தோடு போட்டி போட முடியவில்லை. இந்திய அரசு 2004இல் பரிசளித்த நடராசர் சிலை அங்கே நிற்கிறது. அதைச் சுற்றியும் உலகெங்கும் விபரீதக் கதைகள். ஆக, விஞ்ஞானம் தெரியாததால் தேனிக்காரர் மட்டும்தான் பயந்தார் என்ற எண்ணம் தவறு. செர்னுக்கு இருக்கும் வித்தியாசம், எழுபது வருஷமாக அதே மண்ணில் இருந்து, கதவைத் திறந்து வைத்து, அக்கம்பக்கத்தாரை உள்ளே அழைத்துக் காட்டிக்கொண்டிருப்பது. அப்படியும் 91 கிலோமீட்டர் திட்டத்தில் தோண்டும் மண் எங்கே போகும், விளைநிலம் எவ்வளவு போகும், மின்சாரம் எவ்வளவு தின்னும் என்று அந்தப் பகுதி மக்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

ஒரு மனக்குறையும் உண்டு. 2015இல் ஹிக்ஸ் நிறை பற்றி இரண்டு குழுக்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் ஒரு பெயராக இருப்பதற்கும், ஒரு கருவியை ஆணி முதல் அலசிப் பார்த்து ஓட்டுவதற்கும் தூரம் அதிகம்.

இந்த வழி பொருந்தும் இடம்: தனியாக எந்த நாடும் கட்ட முடியாத கருவி தேவைப்படும் கேள்விகளுக்கு. இன்றைக்கே நம் மாணவர்களுக்கு உண்மையான தரவு வேண்டும் என்றாலும் இதுதான்.

## ஊட்டி: கையில் இருப்பதை வளர்ப்பது

ஊட்டியில், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்ற விண்கதிர் ஆய்வகம் இருக்கிறது. புல்வெளியில் பரப்பிய ஏறத்தாழ 400 ஒளிர்வுக் கருவிகள், 560 சதுர மீட்டரில் மியூவான் தொலைநோக்கி. விண்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள்தான் மியூவான். தொலைநோக்கியின் இரும்புக் குழாய்கள் கோலாரில் புரோட்டான் சிதைவைத் தேடிய சோதனையில் இருந்தவை. அந்தச் சோதனை முடிந்ததும் மலையேறி வந்தன. ஒளிர்வுப் பிளாஸ்டிக்கை ஊட்டியிலேயே தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே போன ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான்கள் குறைந்த கணக்கை வைத்தே கண்டுபிடித்து 2019இல் வெளியிட்டார்கள். மேகத்துக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கலாம் என்று நோபல் பரிசு பெற்ற சி.டி.ஆர். வில்சன் ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்பே ஊகித்திருந்தார், அளந்தது ஊட்டி. 2024இல் விண்கதிர்ப் புரோட்டான்களின் ஆற்றல் பரவலில் அதுவரை தெரியாத ஒரு வளைவைக் காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. ஹிக்ஸை இங்கே தேட முடியாது. நியூட்ரினோவின் நிறை வரிசையை இங்கே அளக்க முடியாது. இந்த அளவு ஆய்வகங்களுக்குப் பெரிய திட்டங்கள் தின்றுபோக மிஞ்சியதே வந்து சேரும். ஒரு மூத்த விஞ்ஞானி ஓய்வு பெற்றால் பாதி அறிவு அவரோடு போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. செய்தியில் வருவது அபூர்வம். ஊட்டிக்குச் சுற்றுலா போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எதிர்ப்பும் இல்லை, பெருமையும் இல்லை.

இந்த வழி பொருந்தும் இடம்: காசு குறைவு, ஆனால் கருவி செய்யும் கைகள் வேண்டும் என்றால். யாரோடும் ஓட்டப்பந்தயம் இல்லாத கேள்விகளுக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பொட்டிபுரம் | செர்ன் | ஊட்டி |
|---|---|---|---|
| செலவு | 1,500 கோடி, தாமதத்தோடு ஏறும் | ஆண்டுக்கு 78 கோடி (சேர்ந்தபோது), கருவிச் செலவு தனி | மூன்றில் மிகக் குறைவு |
| கேள்வியில் முந்துவோமா | ஜூனோ தொடங்கிவிட்டது | கூட்டாக முன்வரிசையில் | தனக்கென்று ஒரு தடம் |
| முடிவெடுக்கும் உரிமை | முழுக்க நம்முடையது | வாக்கு இல்லை | முழுக்க நம்முடையது |
| ஊர் சுமப்பது | மலை, மேய்ச்சல், வழித்தடம் | நம் ஊர்கள் எதுவும் சுமப்பதில்லை | ஏறத்தாழ இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | வழக்கில் போன ஆண்டுகள், மாணவர்களின் வாழ்க்கை | அடுத்த மோதியின் பங்கு | ஆள் தொடர்ச்சி அறுவது |

## 'அந்தக் காசில் ஆஸ்பத்திரி கட்டலாமே'

கேட்பவரின் நோக்கம் நல்லது. அளவைப் பார்ப்போம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்கு 63,246 கோடி. அந்தக் கணக்கில் தேனித் திட்டம் முழுவதும் மூன்று கிலோமீட்டர் மெட்ரோ. அதுவும் பல ஆண்டுகளில் பிரித்துச் செலவாவது. ஆஸ்பத்திரி வராமல் நிற்பதற்கு இந்தத் தொகை காரணமில்லை. அமெரிக்காவில் டெக்சாஸில் 87 கிலோமீட்டர் சுற்றளவில் கட்டத் தொடங்கிய மோதியை, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவான பிறகு 1993இல் நிறுத்தினார்கள். தோண்டிய சுரங்கம் வீணானது. பாதியில் விடுவதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தேர்வு; வேண்டாம் என்றால் மண்வெட்டி வைக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

## என் தேர்வு

செர்ன் சந்தாவை விடக் கூடாது. ஊட்டி போன்ற இடங்களுக்கு இப்போது தருவதைப் பல மடங்காக்க வேண்டும்; ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் யுரேனியச் சுரங்கத்துக்குள் 550 மீட்டர் ஆழத்தில் இயங்கும் சிறிய ஆய்வகமும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். நிறை வரிசை என்ற ஒற்றைக் கேள்விக்காகப் பொட்டிபுரத்தை இனிக் குடைவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து வருஷம் முன்பு கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

போடி மாணவிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரை அருகே வடபழஞ்சியில் அந்தப் பெரிய கருவியின் 85 டன் முன்மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேல் மலை இல்லை. அதைச் சுற்றி, வெளியிலிருந்து வரும் மியூவான்களை அடையாளம் கண்டு கழித்துவிடும் ஒரு மறிப்பு அடுக்கு அமைக்கும் வேலை நடக்கிறது. பத்தாயிரம் மியூவான் வந்தால் ஒன்றுக்கு மேல் தவறவிடக் கூடாது என்பது இலக்கு. அது எட்டிவிட்டால் ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்படாது, நூறு மீட்டர் போதும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நூறு மீட்டர் பாறை என்றால், புலி நடக்காத, ஆடு மேயாத இடமாகத் தேடித் தேர்ந்தெடுக்கலாம். அந்த இடம் எதுவானாலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நிலம் அளக்கும் முன்பே, அந்த ஊர் மொழியில் நடக்கட்டும்.